டைலரக்கா எடுத்த எட்டு நிமிடப் படம்

ஊடகக் கல்லூரியில் கேமரா கொடுக்கிற அறை என் பொறுப்பு. பதினோரு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு நோட்டு, மூன்று இரும்பு அலமாரி. பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டு போவார்கள். திருப்பித் தரும்போது லென்ஸ் மூடி எங்கே, பேட்டரி எங்கே என்று நான் கத்துவேன். என்னைக் கண்டாலே அவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நானும் வேலைக்கு வரவில்லை.

டைலரக்கா மாலை வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது. முதல் நாளே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. தையல் கடை வைத்திருக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

முதன்முதலாக என் ஜன்னலுக்கு வந்தவர் கேமராவைப் பார்க்கவில்லை. பையைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பட்டை தையல் விட்டிருக்கு. யாராவது தோள்ல மாட்டினா கேமரா தரைக்குப் போயிடும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? இப்படியேதான் மூணு வருஷமா ஓடுது."

மறுநாள் அலமாரியில் அந்தப் பையைக் காணோம். அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். சாயங்காலம் பையை நீட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றார். பட்டை மூன்று வரிசைத் தையலில் இரும்பு மாதிரி இருந்தது.

"நோட்டுல கையெழுத்துப் போடாம எடுத்துட்டுப் போனியா?" என்று கத்தினேன்.

"கையெழுத்துப் போட்டிருந்தா வெறும் பையை எதுக்குன்னு கேப்பீங்க. அப்புறம் குடுத்திருக்க மாட்டீங்க."

உண்மைதான். கொடுத்திருக்க மாட்டேன்.

அதிகம் பேசாத மனுஷி. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கடையில் தம்பி துணி வெட்டுகிறார், இவர் தைக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். "இந்த வயசுல எதுக்கும்மா கேமரா?" என்று ஒருமுறை கேட்டேன். "துணியை வெட்டி ஒட்டுற கைதானே, படத்தையும் ஒட்டிப் பாக்கலாம்னு" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஆனால் கற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே! மற்ற பிள்ளைகள் கேமராவை வாங்கியதும் ஒருவரை ஒருவர் எடுத்து விளையாடுவார்கள். இவர் வராந்தா ஓரமாக உட்கார்ந்து, ட்ரைபாடின் மூன்று காலையும் நீட்டி மடக்கி, நீர்மட்டக் குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை விடமாட்டார். வெள்ளை நிறம் சரியாக வர எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைக் கேமரா முன்னால் பிடிப்பார்கள். இவர் பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியை எடுப்பார். "காகிதத்துல நீலம் கலந்திருக்கும் அண்ணே, கண்ணுக்குத் தெரியாது" என்பார். எடிட்டிங் சாரே ஒருநாள் வந்து அந்தத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் எட்டு நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். படம் கொடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. இதில் இன்னொரு சட்டமும் உண்டு. படத்தில் வருகிறவர் முடிந்த படத்தைப் பார்த்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத படத்தைக் கல்லூரி வாங்காது. டைலரக்கா தன் தம்பியை எடுப்பதாக எழுதிக் கொடுத்தார்.

கேமரா வாங்க வந்த அன்று அவரே வாயைத் திறந்து கேட்டார்.

"அண்ணே, பேசிட்டு இருக்கறவங்களுக்கு நடுவுல கண்ணு கலங்கினா கேமராவை என்ன செய்யணும்?"

என் அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. பதினோரு வருடமாக ஒரே பாடம் என் காதில் விழுகிறது. நான் எட்டாவது தாண்டாதவன். ஆனால் அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம். வாத்தியார் தோரணை வந்துவிட்டது.

"கிட்டப் போயிடும்மா. முகத்தைப் பிடி. கண்ணுதான் முக்கியம். பேச்சு ரொம்ப நீளமா இருந்தா நடுவுல மெஷின், கத்திரிக்கோல், ஜன்னல்னு எதையாவது காட்டு. குரல் அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பாக்கறவனுக்கு அலுக்காது."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய தம்பிக்குக் குரல் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். டைலரக்கா ஜன்னலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் கேமரா வேணும்."

"ஞாயித்துக்கிழமை கேமரா வெளிய போகாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். கெஞ்சவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"படம்தான் முடிஞ்சுதேம்மா? போன வாரம் நானே பாத்தேன், நீ கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டிருந்த."

"தம்பி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பேசுவதெல்லாம் கையால். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் கைப்பேச்சு தண்ணீர் மாதிரி ஓடும். அவர் கையால் சொன்னதையெல்லாம் அக்கா தன் குரலில் பேசி, படத்தின் மேல் பதிந்திருக்கிறார். குரல்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நடுநடுவே மெஷினையும் ஜன்னலையும் ஒட்டியிருக்கிறார். தம்பி கண் கலங்கிய இடத்தில் முகத்துக்கு மிக அருகில் போயிருக்கிறார். முகம் பெரிதாகத் தெரிந்தது. கை கீழே, படத்துக்கு வெளியே போய்விட்டது.

"குரல் அவனுக்குக் கேக்காது இல்லையா அண்ணே. அவன் பாக்கறப்போ, பேசிட்டிருக்கும்போதே பாதியில மெஷின் வந்துடுச்சு. திரும்பி வந்தா வேற என்னவோ சொல்லிட்டிருக்கான். கடைசியில வெறும் மூஞ்சி. 'நான் அழுததை வெச்சிருக்க, சொன்னதை எடுத்துட்ட'ன்னான்."

எனக்கே சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"யாரும்மா உன்னை முகத்தைப் பிடிக்கச் சொன்னது? கொஞ்சமாவது யோசிக்க வேணாம்?"

"நீங்கதாண்ணே."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதனால்தான் இன்னும் அதிகமாக உறைத்தது.

எடிட்டிங் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், ஞாயித்துக்கிழமை ஒரு கேமரா வெளிய போகணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கா? அப்ப உங்ககிட்ட லென்ஸ் மூடி எங்கேன்னு யாருங்க கத்துவாங்க?"

"நானே கத்திக்கிறேன் சார்."

சிரித்துக்கொண்டே சரி என்றார். என்னிடம் இப்படி ஒரு வேலையை எதிர்பார்க்காததால்தான் சரி என்றார் என்று நினைக்கிறேன்.

கேமராவை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தேன். டைலரக்கா விடவில்லை. "தம்பி என்னைப் பாத்துதான் பேசுவான். நானும் கையாலதான் பதில் சொல்லணும். கேமராவைப் பிடிக்க எனக்கு மூணாவது கை ஏது? கூடப் படிக்கற பசங்க எல்லாம் அவங்கவங்க படத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. நீங்க வாங்கண்ணே" என்றார். நான் கேமராவைத் துடைத்திருக்கிறேன், பூட்டியிருக்கிறேன், எண்ணியிருக்கிறேன். அதன் வழியாக ஒரு மனிதனைப் பார்த்ததில்லை.

கடை இரண்டு அறை. முன் அறையில் தையல் மெஷினும் தைத்து முடித்த துணிகளும். பின் அறையில் நீளமான வெட்டு மேசை. தம்பிக்காரர் உயரமான ஆள். கழுத்தில் அளவு நாடா, காதில் ஒரு துண்டு சாக்கட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தார். கை வேகமாக ஆடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா சொல்றார்?"

"வேணாம்ணே."

"சொல்லு."

"அளவு தப்பின சட்டையைத் திருப்பிக் குடுக்க வந்தவர் மாதிரி மூஞ்சியை வெச்சிருக்காரே, யாரு இவருங்கறான்."

நானும் சிரித்து வைத்தேன்.

அந்த மனிதருக்குக் கேமரா பாடம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் வேலையை அவர்தான் ஆரம்பித்தார். மேசைக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் மேலே தூக்கினார், பக்கவாட்டில் விரித்தார், இடுப்பு வரை இறக்கினார். பேசும்போது கை எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம், பின்னால் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே இரண்டு விரல் வைத்து இன்னொரு கோடு.

"அது எதுக்கு?"

"தையலுக்கு விடற துணி மாதிரின்னு சொல்றான். ஒட்ட வெட்டினா உடம்பு திரும்பறப்போ கிழிஞ்சுடுமாம்."

சுவரில் இருந்த அந்தக் கட்டம்தான் படம். படத்தின் ஓரம் அதற்கு ஒரு அங்குலம்கூட உள்ளே வரக் கூடாது. கேமராவை வைத்துப் பார்த்தேன். அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையில் விரல்கள் தொலைந்து போயின. சொன்னேன். அக்கா அதைக் கையால் சொன்னதும் தம்பி முன் அறைக்குப் போய், தைத்து மடித்து வைத்திருந்த கரு நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா கையை ஆட்டிக்கொண்டே அலறினார்.

"டேய், அது பேங்க்காரருதுடா! சாயங்காலம் வந்து வாங்கறேன்னிருக்கார்!"

தம்பி தோளைக் குலுக்கினார். அவர் சொன்னதை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "அவருக்குத்தான் போட்டுப் பாக்கறானாம்."

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தொழிலைச் செய்துகொண்டே பேசுவதைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். இவரால் அது முடியாது. கத்திரிக்கோல் கையில் இருந்தால் இவர் வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் வெட்டுவார், கத்திரிக்கோலை மேசையில் வைப்பார், பேசுவார், திரும்ப எடுப்பார். கத்திரிக்கோலை வைக்கிற 'டக்' சத்தம் அவருக்குக் கேட்காது. எங்கள் இருவருக்கும் கேட்டது. மைக்கிலும் பதிந்தது.

துணியைப் பற்றி, நூலோட்டம் பார்த்து வெட்டுவது பற்றி எல்லாம் சொல்லி முடித்தார். கடைசியாக, முன்பு கண் கலங்கிய இடம் வந்தது. அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி அக்கா கேட்டார். தம்பி மறுத்தார். "ஒரே துணியை ரெண்டு தடவை வெட்ட முடியாதுங்கறான்" என்று என்னிடம் சொன்ன அக்காவின் குரல் இறங்கிவிட்டது. பிறகு அக்கா கையால் என்னவோ சுருக்கமாகச் சொன்னார். என்ன தோன்றுகிறதோ அதைச் சொல் என்றாராம்.

தம்பி கத்திரிக்கோலை வைத்தார். நாடாவையும் கழுத்திலிருந்து எடுத்து வைத்தார். பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் லென்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகு அசையவே இல்லை. முக்கியமாக என்னவோ நடக்கிறது என்று தெரிந்தது. கிட்டப் போ, முகத்தைப் பிடி என்று பதினோரு வருடப் பாடமும் என் காதில் கத்தியது. விரல் தானாக லென்ஸ் வளையத்துக்குப் போனது. கையை எடுத்துக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். அந்தக் கட்டத்துக்குள் முகமும் இருந்தது, கையும் இருந்தது, மேசையில் கிடந்த நாடாவும் இருந்தது. எல்லாம் இருக்கிற இடத்தில் எதற்கு நான் கிட்டப் போக வேண்டும்? அன்று அந்தக் கேமராவின் பின்னால் என்னை நிற்க வைத்ததற்கு டைலரக்காவுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். அலமாரியில் நான் பூட்டி வைப்பது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எடிட்டிங் அறையைத் திறந்துவிட்டேன். டைலரக்கா இந்தமுறை தன் குரலைச் சேர்க்கவில்லை. தம்பி சொன்னதைப் படத்தின் அடியில் எழுத்தாகப் போட்டார். எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குத் தெரியவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"வாய்க்குள்ள படிங்கண்ணே. முடிஞ்சதும் ம்னு சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறவன்மா. மெதுவா படிப்பேன். வேற யாரையாவது கூப்பிட்டுக்கோ."

"அதனாலதான் உங்களை உக்கார வெச்சேன். நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் எழுத்து நிக்கட்டும். வேகமா படிக்கறவங்க மிச்ச நேரத்துல அவன் கையைப் பாக்கட்டுமே."

ஒவ்வொரு வரிக்கும் நான் 'ம்' சொன்னேன். அவர் எழுத்தை அந்த இடம் வரை இழுத்து விட்டார். கடைசிப் பேச்சு வந்தது. நான் அதை இப்படித்தான் படித்தேன்:

'தன் பத்து வயசிலிருந்து அக்கா எனக்காகப் பேசுகிறாள்.'

ம்.

'டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கடையில், சண்டையில்கூட.'

ம்.

'அவள் பேசினால் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க மாட்டார்கள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.'

எனக்கு 'ம்' வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருடைய கை மவுஸின் மேல் இருந்தது. அம்புக்குறி அந்த வரியின் மேலேயே நின்றது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். தம்பியின் கை ஆடும். என்ன சொல்கிறார் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

"எடுத்துடவா அண்ணே?"

"என்கிட்ட கேக்காத தாயி. போன தடவை என்கிட்ட கேட்டுத்தான் இந்தக் கதி."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கண்ணையும் துடைத்துக்கொண்டார். அம்புக்குறி அங்கிருந்து நகர்ந்தது. வரி இருந்தது. அடுத்ததைப் படித்தேன்.

'அவள் படிக்கப் போனதும் எனக்குச் சந்தோஷம். இனி அவள் அவளுக்காகப் பேசட்டும். நான் எனக்காகப் பேசிக்கொள்கிறேன்.'

ம்.

'இத்தனை வருடத்துக்கும் நன்றி சொல்ல இரண்டு கை போதாது. ஆனால் எனக்கு இருப்பதே இரண்டுதான்.'

பதினோரு மணிக்குத் தம்பி வந்தார். நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு நிமிடமும் அசையாமல் பார்த்தார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. தம்பி தலையை ஆட்டவில்லை. கடைசி இடத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார். ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை.

"என்னவாம்மா? சட்டுனு கேளு, மணியாகுது."

"நான் இன்னும் பேசி முடிக்கலேங்கறான்."

அவருடைய கை மேசைக்கு இறங்கியதும் அக்கா படத்தை வெட்டியிருந்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த இடம் அது. தம்பி செய்து காட்டினார். கை கீழே வருகிறது, விரல்கள் மேசையில் விரிந்து படுக்கின்றன, ஒரு மூச்சு. அந்த மூச்சு வரை பேச்சுதான். அதற்குப் பிறகுதான் முற்றுப்புள்ளி.

அக்கா வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இரண்டு வினாடி. தம்பி மறுபடி பார்த்தார். மேசையில் இருந்த சம்மதத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவுக்குக் கையை நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது படமும் தாளும் எடிட்டிங் சார் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. டைலரக்கா சான்றிதழ் வாங்கிவிட்டார். இப்போது காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் பாடப் படம் எடுத்துக் கொடுக்கிறார். காலையில் கேமரா, சாயங்காலம் தையல்.

அன்று படத்தைக் கொடுத்துவிட்டு மூவரும் வராந்தாவில் நின்றோம். தம்பி என் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்துக் கையால் என்னவோ சொன்னார். வழக்கம்போல நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா சொல்றார்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவன்தானே சொல்றான். அவனையே கேளுங்க."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் தம்பியைப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கினேன், கையை விரித்தேன். அவர் பொறுமையாக மறுபடி செய்தார். புரியவில்லை. இன்னும் மெதுவாகச் செய்தார். எனக்கு எழுத்துக்கூட்டுகிற மாதிரிதான் இருந்தது. மூன்றாவது முறையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துக்கொண்டு வாய்க்குப் போவது தெரிந்தது. பிறகு விரல் என்னைக் காட்டியது, தன்னைக் காட்டியது, வாசலைக் காட்டியது.

டீ குடிக்கப் போகலாமா என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் பதில் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினேன்.